ஐந்தாவது ரக்அத்தில் ஒரு கைதட்டல்

போன செவ்வாய்க்கிழமை, இரவு நேர இஷாத் தொழுகையின் நடுவில், எங்கள் பள்ளிவாசலில் ஒரு கைதட்டல் கேட்டது.

ஒன்றே ஒன்றுதான். ‘பட்’ என்று.

கூரையிலிருந்து சீமெந்துப் பூச்சு விழுந்துவிட்டது என்று என் பக்கத்தில் நின்றவர் நினைத்தாராம். பிறகுதான் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்றுதான் தோன்றியது.

நோன்பு மாதம். புத்தளத்துத் தில்லையடியில் அந்த நேரத்தில் தெருவெல்லாம் பள்ளியை நோக்கித்தான் நடக்கும். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, அதற்கு மேல் ரோல்ஸ், சமோசா, ஒரு கோப்பை பலூடா... வயிறு நிறைந்தவர்களின் தொழுகை அது. மேலே விசிறிகள் சுற்றுகின்றன. கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு வணக்கம்தான்!

இந்தப் பக்கத்தை வாசிக்கும் இந்து, கிறிஸ்தவ நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நின்று, குனிந்து, நெற்றி நிலத்தில் பட வணங்கினால் அது ஒரு ரக்அத். இஷாவுக்கு நான்கு ரக்அத். முதல் இரண்டில், முன்னால் நின்று தொழுவிக்கும் இமாம் சத்தமாக ஓதுவார். மற்ற இரண்டிலும் மௌனம். நான்காவது முடிந்ததும் எழும்பக் கூடாது; உட்கார்ந்து ஓத வேண்டியதை ஓதி, இரண்டு பக்கமும் ஸலாம் சொல்லி முடிக்க வேண்டும்.

அன்றைக்கு இமாமாக நின்ற மௌலவி உட்காரவில்லை. “அல்லாஹு அக்பர்” என்று எழும்பினார்.

ஐந்தாவது ரக்அத்!

எனக்குத் தெரிந்ததா? தெரிந்த மாதிரித்தான் இருந்தது. ‘நாலு முடிஞ்சுதே’ என்றது ஒரு மனம். ‘உனக்கு எப்பவும் கணக்குப் பிழைக்கும்’ என்றது இன்னொரு மனம். முன்னால் இருப்பவர் எழும்புகிறார். பக்கத்தில் இருப்பவர் எழும்புகிறார். இத்தனை பேருக்கும் தெரியாதது எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

நானும் எழும்பத் தொடங்கினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து, பெண்கள் தொழும் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து, அந்தக் கைதட்டல்.

மௌலவியின் தோள் ஒரு கணம் அசைந்தது. உட்காரப் போகிறாரோ என்று நினைத்தேன். உட்காரவில்லை.  ஐந்தாவது ரக்அத்தும் முடிந்து, ஸலாமும் சொல்லியாகிவிட்டது.

“அஞ்சு தொழுத மாதிரிக் கிடக்கே...” என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்.

“ஓம், அஞ்சுதான்.”

“எனக்கும் அப்பிடித்தான் பட்டிச்சு.”

விசாரித்துப் பார்த்தால், பாதிப் பள்ளிக்கு அது தெரிந்திருக்கிறது! மௌலவி பதறிப்போனார். மறந்துபோய்ச் செய்த பிழைக்காகச் செய்ய வேண்டிய ஸஜ்தாவைச் செய்தார். அவரோடு நாங்களும் நெற்றியை நிலத்தில் வைத்தோம். மார்க்கப்படி விஷயம் அத்தோடு முடிந்தது.

ஊர்ப்படி அப்போதுதான் தொடங்கியது.

“ஆரது கைதட்டினது?”

முதல் வரிசையிலிருந்து எழும்பித் திரும்பினார் ஹாஜியார். எங்கள் பள்ளி நிர்வாக சபையின் தலைவர்.

திரையைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“இது பள்ளி! சேர்க்கஸ் கூடாரம் இல்ல!”

எனக்கு விசித்திரமாக இருந்தது. இவ்வளவு பேர் ஒரு ரக்அத்தைக் கூட்டித் தொழுதிருக்கிறோம். அதைப் பற்றி யாருக்கும் கோபம் இல்லை. அதைச் சுட்டிக்காட்டிய ஒரு கைமேல்தான் கோபம். ஏன்?

அந்தத் திரைக்கு ஒரு கதை உண்டு. எங்கள் பள்ளியில் பெண்களுக்கென்று இடம் இருந்ததில்லை. இந்த நோன்புக்குத்தான் முதன்முதலாகப் பின்பக்கத்தை மறித்து, திரை போட்டு, தனி வாசல் திறந்து கொடுத்தார்கள். “வேண்டாம், தேவையில்லாத பிரச்சினை” என்று சபையில் பலர் சொன்னபோது, விடாப்பிடியாக நின்று வாங்கிக் கொடுத்தவர் யார் தெரியுமா? அதே ஹாஜியார்தான்.

என் உம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. குர்ஆனின் சின்னச் சின்ன சூறாக்கள் சிலதான் மனப்பாடம். அவற்றையே திருப்பித் திருப்பி ஓதி வீட்டு அறைக்குள் தொழுதவர். நோன்பு தொடங்கிய முதல் நாள் பள்ளிக்குப் போய், நீளமான ஓதலைப் பின்னால் நின்று கேட்டுவிட்டு வந்து, “மகன், கடல் மாதிரிப் போகுதுடா” என்றார்.  அன்றிலிருந்து பின்னேரமே அடுப்பு வேலை முடிந்துவிடும். வெள்ளைத் தொழுகை உடுப்பு மடித்து, கட்டில் தலைமாட்டில் தயாராக இருக்கும்.

அந்தத் திரைதான் இப்போது ஆட்டம் காணத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் உம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கேளு! உன்ட பொஞ்சாதியக் கேளு, ஆர் கைதட்டினது எண்டு!”

அந்தச் சத்தத்தை முன்பு எங்கே கேட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மனைவி சுமையா, பக்கத்துத் தெருப் பாலர் பாடசாலையில் டீச்சர். கூச்சல் போடும் ஒரு வகுப்பையே ஒரே ஒரு கைதட்டலில் அடக்கிவிடுவாள். அவளைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறேன்.

“நான்தான் மாமி தட்டினன். நான் என்ன மறைச்சனா?” என்றாள் சுமையா.

“எல்லாரும் எழும்புறாங்க. நீ மட்டும் விருந்துக்கு வந்தவள் மாதிரி உக்காந்திருக்கிற. எனக்கு வெக்கமாப் போச்சு.”

“தொழுகையில என்னயா பாத்துட்டு நிண்டீங்க மாமி?”

 உம்மா என் பக்கம் திரும்பினார். “பாத்தியா மகன், கதைய!”

நான் நடுவில் புகுந்தேன். “சுமையா, நாலு முடிஞ்சுது எண்டு உனக்கு உறுதியாத் தெரியுமா?”

“ஓம்.”

“எப்பிடி?”

“நான் கஞ்சி குடிக்கல்ல மச்சான். நீங்க ரெண்டு கோப்பை குடிச்சீங்க.”

நான் வயிற்றைத் தடவிக்கொண்டேன்.

“சரி, நீங்க சொல்லுங்க” என்றாள். “உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரிஞ்ச மாதிரி...”

“தெரிஞ்சா ஏன் எழும்பினீங்க?”

“எல்லாரும் எழும்பினாங்க.”

“மாமி, கேட்டீங்களா உங்கட மகன்ட கதைய? யூனிவர்சிட்டிக்குப் போன மகன்!”

வாப்பாவின் உதவியைத் தேடினேன். அவருக்கு முழங்கால் நோவு. பள்ளியில் கதிரையில் இருந்துதான் தொழுவார்.

“என்னக் கேக்காதீங்க” என்றார் வாப்பா. “நான் கதிரையில இருந்தன். எழும்பினனா, இல்லயா எண்டு எனக்கே தெரியாது.”

சிரித்தோம். உம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? தொழுகையில் இமாம் பிழைவிட்டால் பின்னால் நிற்பவர்கள் பேசாமல் இருக்கக் கூடாது. உணர்த்த வேண்டும். ஆண்கள் “சுப்ஹானல்லாஹ்” என்று சொல்ல வேண்டும். பெண்கள் கை தட்ட வேண்டும். இது மார்க்கச் சட்டம். குர்ஆன் மத்ரசாவில் ஓதிய ஒவ்வொரு பிள்ளைக்கும் இது பாடம். நானும் பாடமாக்கியவன்தான். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியவன்.

ஆனால் என் வாழ்க்கையில் ஒரு தொழுகையிலும் அந்தக் கைதட்டலை நான் கேட்டதே இல்லை. ஹாஜியாரும் கேட்டிருக்க மாட்டார். எப்படிக் கேட்பது? பெண்கள் பள்ளிக்குள் இருந்தால்தானே! மனப்பாடம் செய்து வைத்த சட்டம் ஒருநாள் உயிரோடு எழும்பி வந்து எதிரில் நின்றபோது, எங்கள் ஒருவருக்கும் அதை அடையாளம் தெரியவில்லை.

சுமையாவிலும் ஒரு பிழை உண்டு. வலது கை விரல்களால் இடது புறங்கையில் மெதுவாகத் தட்டுவதுதான் முறை. அவள் பாலர் பாடசாலைப் பழக்கத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அடித்துவிட்டாள்.

“கை தன்ட பாட்டுக்குப் போயிட்டு மச்சான்” என்றாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு வெட்கம்.

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் ஒலிபெருக்கியில் அறிவித்தார். தொழுகையில் ஒழுங்கு மீறிய பெண்ணின் வீட்டு ஆண்கள் யாராவது நிர்வாக சபையிடம் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு திரை கழற்றப்படும்.

விடியுமுன் நோன்புக்காகச் சஹர் சாப்பிட்ட கோப்பைகளை உம்மா கழுவிக்கொண்டிருந்தார். அறிவிப்பு முடியும்வரை குழாயை மூடிவிட்டுக் கேட்டார். பிறகு திறந்தார்.

“மன்னிப்புத்தானே மகன். கேட்டுட்டு வா. வாய்க்கு என்ன நோவா?”

கேட்கலாம்தான். ஆனால் எதற்கு? அன்றைக்கு முழுக்க இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சுமையா யாருக்குக் கீழ்ப்படியவில்லை? இமாமுக்கா? இமாம் பிழைவிட்டால் கை தட்டு என்று சொன்னதே அந்த இமாம் படித்த அதே சட்டம்தானே? அவள் மீறியிருக்கிறாளா, கீழ்ப்படிந்திருக்கிறாளா? ஒரே செயல் இரண்டாகவும் இருக்க முடியுமா?

நான் எட்டாம் வகுப்புக்குக் குடியியல் கற்பிக்கும் ஆசிரியர். பிள்ளைகளிடமே கேட்டுப் பார்த்தேன்.

“கீழ்ப்படியாமை எண்டா என்ன?”

“சேர் சொன்னதச் செய்யாம விடுறது.”

“சேர் பிழையாச் சொன்னா?”

முன் வரிசை வாங்கில் இருந்த பிள்ளை யோசிக்காமல் பதில் சொன்னாள். “செய்யிறதுதான் சேர். பிறகு உங்களுக்குத்தான் ஏச்சு விழும். எங்களுக்கு இல்லயே!”

வகுப்பே சிரித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழ்ப்படிவதில் இப்படி ஒரு வசதி இருக்கிறதா? சொன்னதைச் செய்தால் போதும். பொறுப்பு சொன்னவருக்கு. நமக்குக் கையும் சுத்தம், மனமும் சுத்தம்!

சிரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா? போன மழைக்காலத்தில் மேலிடத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. குறிப்பிட்ட நாளில் மைதானத்தில் மரக்கன்று நட வேண்டும். குறிப்பிட்ட நாளில் மைதானத்தில் முழங்கால் அளவு வெள்ளம். என்ன செய்தோம்? நட்டோம்! வெள்ளத்துக்குள் தடவித் தடவி நட்டோம். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினோம். பாராட்டுக்கூட வந்தது. கன்றுகள் மிதந்துபோய் வேலியில் தங்கியதற்கு மட்டும் யாரும் போட்டோ கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷப் படிப்பில் நான் எதில் அதிகம் பயிற்சி எடுத்திருக்கிறேன்? ஆசிரியர் உள்ளே வந்தால் எழும்புவது. அதிபர் வந்தால் எழும்புவது. பக்கத்துப் பிள்ளை எழும்பினால், யார் வந்தார் என்று பார்க்காமலே எழும்புவது... அந்த முழங்கால்கள்தான் செவ்வாய்க்கிழமையும் தாமாக எழும்பின.

பின்னேரம் வாப்பாவிடம் கேட்டேன். “வாப்பா, நீங்க எப்பவாவது ஒரு சொல்லுக்குக் கீழ்ப்படியாம இருந்திருக்கீங்களா?”

வாப்பா மன்னார்க்காரர். தொண்ணூறாம் ஆண்டில், எல்லா முஸ்லிம்களும் வெளியேற வேண்டும் என்று ஆயுதம் வைத்திருந்தவர்கள் சொன்னபோது, கையில் கிடைத்ததோடு புத்தளத்துக்கு வந்தவர். அதைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை.

“போ எண்டாங்க. வந்தம். வராட்டி நீ பிறந்திருக்கமாட்டாய்” என்றார். பிறகு, “ஆனா அது கீழ்ப்படியிறது இல்ல மகன். அதுக்குப் பேர் வேற.”

“என்ன பேர்?”

வாப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

அந்தப் பதில் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. மறுத்துச் சொல்ல வழி இருக்கும் இடத்தில் தலையாட்டுவதற்குத்தான் கீழ்ப்படிதல் என்று பெயர். வழியே இல்லாத இடத்தில் தலையாட்டுவது உயிர் பிழைப்பது. எங்கள் தொழுகையில் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவருக்கு ‘பிழை’ என்று சொல்ல ஒரு சொல், ஒரு கைச்சத்தம். அதுவும் பாதித் தொழுகையில்! எந்த அலுவலகத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது? எந்தச் சுற்றறிக்கையின் அடியில் ‘பிழையானால் தட்டவும்’ என்று எழுதியிருக்கிறது?

சுமையாவிடம் கேட்டேன். “நாளைக்குச் சபைக்குப் போறன். என்ன சொல்ல?”

“சத்தத்துக்கு மன்னிப்புக் கேளுங்க. அது என்ட பிழை.”

“தட்டினதுக்கு?”

“அதுக்குக் கேக்காதீங்க.”

“உம்மாட இடம் போயிடும் சுமையா.”

 மடித்துக்கொண்டிருந்த உடுப்பை அவள் மடியில் வைத்தாள்.

“எனக்குத் தெரியும் மச்சான். மாமிட முகத்தப் பாக்கவே ஏலாம இருக்கு. ஆனா தட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டா... திரை இருக்கும். பின்னால நாங்களும் இருப்பம். கைதான் இராது.”

வியாழக்கிழமை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி அலுவலக அறை. பிளாஸ்டிக் கதிரைகள். நடுவில் ஹாஜியார். சுற்றிவர நிர்வாக சபையினர். மூலையில் மௌலவி. அவர் வெளியூர்க்காரர், வயதும் அதிகமில்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பது இந்தச் சபைதான். தொழுகையில் அவருக்குப் பின்னால் நாங்கள். இந்த அறையில் எங்களுக்குப் பின்னால் அவர்.

“வாங்க தம்பி. உங்கட வீட்டுலதானாமே? என்ன சொல்றாங்க?” என்றார் ஹாஜியார்.

“சத்தத்துக்கு மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க ஹாஜியார். புறங்கையில தட்டியிருக்கணும், உள்ளங்கையில தட்டினது பிழை எண்டு.”

“நல்லது. தட்டினதுக்கு?”

“அதுக்குக் கேக்கமாட்டாங்களாம்.”

சபையில் ஒருவர் சத்தமாகச் சிரித்தார். மெலிந்த மனிதர், திரை வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவர். “மாட்டாங்களாம்! நான் அப்பவே சொன்னன் ஹாஜியார். பொம்பளைகள உள்ளுக்கு எடுத்தா இப்பிடித்தான். இண்டைக்குக் கைதட்டுவாங்க, நாளைக்கு விசிலடிப்பாங்க!”

ஹாஜியார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என் பக்கம் குனிந்தார். குரல் இறங்கியிருந்தது.

“தம்பி, உங்கட வீட்டோட எனக்கு ஒரு கோபமும் இல்ல. இந்த இடத்த எடுத்துக் குடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்பிடிச் சிரிக்கிறவங்களோடதான் நான் மாரடிக்கிறன். ஒரு சொல்லுச் சொல்லிட்டுப் போங்க, விஷயத்த முடிப்பம். உங்கட உம்மாவும் வாறாங்கதானே?”

அந்தக் கடைசிக் கேள்வியில் எனக்குள் ஏதோ இளகிவிட்டது. கட்டில் தலைமாட்டில் மடித்து வைத்த வெள்ளை உடுப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு சொல்தானே? சொன்னால் உம்மாவுக்கு இடம் இருக்கும். சொல்லாவிட்டால் சுமையாவுக்கு நியாயம் இருக்கும். இதில் எதை எடுப்பது? உண்மையைச் சொல்கிறேன், ‘மன்னிச்சுக்கொள்ளுங்க’ என்பது என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

மூலையிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

“ஹாஜியார், மன்னிப்புக் கேக்கவேண்டிய ஆள் நான்” என்றார் மௌலவி.

“நீங்க மறந்து எழும்பினீங்க மௌலவி. அதுக்குத்தான் ஸஜ்தா செஞ்சாச்சே.”

“எழும்பினது மறதி. பிறகு கைச்சத்தம் கேட்டிச்சு. எனக்குச் சந்தேகம் வந்திட்டு. கொஞ்சம் நிதானிச்சிருந்தா விளங்கியிருக்கும். அதுக்கிடையில பின்னால உடுப்புச் சத்தம்... நீங்க எல்லாரும் எழும்பிட்டீங்க. இத்தின ஆம்பிளைகள் பிழை விடுவாங்களா, அந்த ஒரு கைதான் பிழை எண்டு நினைச்சிட்டன்.”

“அட! நாங்க எழும்பினது நீங்க எழும்பினதால மௌலவி!”

“நான் உக்காராம விட்டது நீங்க எழும்பினதால ஹாஜியார்.”

  ஹாஜியார் தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிவிட்டு, மறுபடி போட்டார்.

“அப்ப... அண்டைக்குத் தொழ வெச்சது ஆர்?”

 மௌலவி நின்றதால் நாங்கள் நின்றோம். நாங்கள் நின்றதால் அவர் நின்றார். நடுவில் ஓட்டுனரே இல்லாமல் ஒரு பஸ் முழுக்க ஐந்தாவது ரக்அத்துக்குப் போய்விட்டது!

“அஞ்சு எண்டு எனக்கும் தெரியும்தான்...” என்று இழுத்தார் சிரித்த மனிதர்.

ஹாஜியார் அவர் பக்கம் திரும்பினார். “தெரிஞ்சா ஏன் வாயத் திறக்கல்ல? ‘சுப்ஹானல்லாஹ்’ எண்ட சொல்லு உங்களுக்குப் பாரமா? ஆம்பிளைகள் நாங்க சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைக்குக் கைதட்ட வேலையே இல்லயே!”

“நீங்க முன் வரிசையில நிண்டீங்கதானே ஹாஜியார்?” என்றார் அவரும் விடாமல்.

நான் எதிர்பார்க்கவில்லை. ஹாஜியார் கோபப்படவில்லை.

“ஓம். எனக்கும் சந்தேகம் வந்திச்சு. தலைவர் நானே பிழையாச் சொல்லிட்டா ஊர் என்ன கதைக்கும் எண்டு... பேசாம எழும்பிட்டன்.”

நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருப்பதில் பாதி இதுதானோ? மௌலவிமீது மரியாதையால் எழும்பியவர் எங்களில் எத்தனை பேர்? பக்கத்தில் நிற்பவருக்குப் பயந்து எழும்பியவர் எத்தனை பேர்? மௌலவியைத் திருத்துவது அவமரியாதை என்று நினைத்தோம். அவரோ தன்னை யாரும் திருத்தவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டு மூலையில் இருந்திருக்கிறார்.

ஹாஜியார் எழும்பினார். “திரை இருக்கட்டும்” என்றார். “நாளைக்கு இஷாவுக்கு முந்தி மௌலவி எல்லாருக்கும் முறையச் சொல்லிக் குடுக்கணும். அங்கால உள்ளவங்களுக்கு மட்டுமில்ல. இஞ்சால உள்ளவங்களுக்கும்.”

சத்தத்துக்கான மன்னிப்பை மட்டும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பள்ளி நிறைந்துவிட்டது. செய்தி நுரைச்சோலை வரைக்கும் போயிருக்க வேண்டும். தெரியாத முகங்களும் இருந்தன. மௌலவி ஒலிவாங்கியோடு நின்றார். ஒரு சிக்கல். செய்து காட்டினால் ஆண்களுக்குத் தெரியும். ஆனால் ஆண்களுக்கு அது தேவையில்லை. தேவையான பெண்களோ திரைக்குப் பின்னால். எனவே சொல்லால் விளக்கினார்.

“கை கட்டி நிற்கும்போது உங்கட வலது கை எங்க இருக்கு? இடது கைக்கு மேல. அவ்வளவுதான். அதைக் கொஞ்சம் உயர்த்தி, விரலால அதே இடத்துல தட்டணும்.”

நான் என் கைகளைக் கட்டிப் பார்த்தேன். உண்மைதான்! பணிந்து நிற்கும் கைதான் எச்சரிக்கும் கையும். இடம் மாறவே தேவையில்லை. நெஞ்சுக்கு முன்னால் கட்டிய அதே கை, கொஞ்சம் உயர்ந்து இறங்கினால் போதும். நான் மூன்று நாட்களாகத் தேடிய விளக்கம் என் கையிலேயே இருந்திருக்கிறது.

“எங்க, ஒருக்காச் செஞ்சு பாருங்க” என்றார் மௌலவி.

திரைக்குப் பின்னால் முதலில் தயக்கம். பிறகு ஒன்று. பிறகு இரண்டு. பிறகு தகரக் கூரையில் மழை பிடிக்கிற மாதிரி, படபடவென்று... ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“இப்ப ஆம்பிளைகள். சொல்லுங்க, சுப்ஹானல்லாஹ்.”

“சுப்ஹானல்லாஹ்...” என்றோம், தொண்டைக்குள்ளேயே.

“அங்கால நல்லா வருது” என்றார் மௌலவி. “இஞ்சாலதான் சத்தம் காணாது.”

பள்ளி சிரித்தது. திரைக்குப் பின்னாலும் சிரித்தார்கள். பிறகு வரிசைகள் சரியாகின, தொழுகை தொடங்கியது. நான்கு ரக்அத். சரியாக நான்கு.

திரும்பி வரும் வழியில் சுமையாவும் வாப்பாவும் முன்னால் நடந்தார்கள். உம்மா என்னோடு. வழக்கமாக ஓதலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருபவர், அன்றைக்குப் பேசவில்லை.

“என்ன உம்மா, ஒரு மாதிரி வாறீங்க?”

“ஒண்டுமில்ல மகன்... மௌலவி இண்டைக்கு ஒரு பிழையும் விடல்ல.”

“அது நல்லதுதானே?”

“நல்லதுதான்.”

கொஞ்ச தூரம் நடந்தார்.

“நான் கைய ரெடியா வெச்சிருந்தன்.”